அக்கரையில் கெட்டுப்போன துணி

புதிதாகத் தட்டிக் கயிறு பிடிக்க வந்திருப்பவர்களுக்கு எழுதிக்கொள்வது.

போன வாரம் கணக்கப்பிள்ளை என்னை வரச்சொல்லி, உங்களையெல்லாம் வரிசையாக உட்காரவைத்து, உன் அனுபவத்தை இவர்களுக்கு எடுத்துச் சொல் என்றார். எழுந்து நின்றேன். எல்லாரும் என்னைப் பார்த்தீர்கள். மழை வரும்போல இருக்கிறது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு மழை வரவில்லை. நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. அதனால் எழுதித் தருகிறேன். உங்களில் படிக்கத் தெரிந்தவர் மற்றவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்து படியுங்கள்.

நம் வேலை இன்னதென்று வெளியில் யாருக்கும் தெரியாது. எனக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில் மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று விசாரித்தார்கள்.

“கெடங்குல ஓலத் தட்டிய ஏத்தி எறக்குறான்” என்றார் என் அண்ணன்.

“அது சரி. வேல இன்னா?” என்று கேட்டார்கள்.

கிடங்கின் திறப்புகளில் பனையோலைத் தட்டிகள் தொங்குகின்றன. கயிற்றை இழுத்தால் தட்டி மேலே போகும், வெளிச்சம் உள்ளே வரும். விட்டால் இறங்கும். இழுக்கவும் விடவும் ஒரே நாளில் கற்றுக்கொள்ளலாம். எப்போது இழுப்பது, எப்போது விடுவது என்பதற்குத்தான் நம்மை வைத்திருக்கிறார்கள்.

ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வெளிச்சம் உண்டு. மூட்டை எண்ணுகிறவர்களுக்கு எதிரே வருகிறவன் யார் என்று தெரிந்தால் போதும். அதற்கு மேல் கொடுத்தால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கதை பேச ஆரம்பித்துவிடுவார்கள். மூட்டை கட்டுகிறவனுக்குக் கயிற்றின் முறுக்கு தெரிய வேண்டும். கணக்கு எழுதுகிறவருக்கு எழுத்தாணி போன தடம் தெரிய வேண்டும். அவர் கை நிழல் ஓலையில் விழாத பக்கமாக வெளிச்சம் வர வேண்டும். துணி பார்க்கிறவர் கையை நீட்டினால், புறங்கை மயிர் தனித்தனியாகத் தெரிய வேண்டும். வலை முடிகிறவர்களுக்கு வெளிச்சமே வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு முடிவார்கள்.

எனக்குச் சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான். இது போதாது என்று நான் தெரிந்துகொண்ட சமயத்தில் ஏரியில் வலை கட்ட என் அண்ணனுக்கு இருந்த பாடு போக இருந்தது. அந்தக் கதையைத்தான் எழுத வந்தேன்.

அப்போது செட்டியாருடைய கிடங்கு பசியாவரத்தில் இருந்தது. சுற்றிலும் ஏரி. உள்நாட்டு நெசவூர்களிலிருந்து வெள்ளைத் துணி அங்கே வந்து இறங்கும். வேலாயுதம் என்பவர் அதைப் பலகையில் விரித்துப் பார்த்து முதல் தரம், இரண்டாம் தரம், கழிவு என்று ஒதுக்குவார். முதல் தரம் மட்டும் மூட்டையாகி, என் அண்ணன் ஏழுமலையின் படகில் ஏறி, ஏரியைத் தாண்டிப் பழவேற்காட்டுக் கோட்டைக்குப் போகும். அங்கே ஒல்லாந்தத் துரை ஒருவர் இன்னொரு தடவை பார்த்து எடுத்துக்கொள்வார். அப்புறம் அது எந்தக் கடலைத் தாண்டி எவர் உடம்பில் ஏறுகிறது என்பது நமக்குத் தெரியாது.

அதே கிடங்கில் காலை வேளையில் பள்ளிக்கூடமும் நடந்தது. கணக்குத் தெரிந்த ஆள் கிடைக்கவில்லை என்று செட்டியாரே ஒரு வாத்தியாரைக் கூட்டிவந்து வைத்திருந்தார். பிள்ளைகள் தரையில் மணலைப் பரப்பி விரலால் எழுதுவார்கள். நானும் அந்தக் கிடங்கு மணலில் எழுதிப் படித்தவன்தான். பள்ளி விட்டதும் மணலை அள்ளி மூலையில் கொட்டிவிட்டுத் துணி வேலையை ஆரம்பிப்பார்கள்.

வாத்தியார் குறை சொல்லாத நாள் கிடையாது. காற்று அடித்தால் மணல் பறக்கிறது என்பார். அடிக்காவிட்டால் வேர்க்கிறது என்பார். கருவாட்டு நாற்றத்தில் பிள்ளைகளுக்கு உயிரெழுத்து வாயில் வரமாட்டேன் என்கிறது என்று ஒருமுறை செட்டியாரிடமே போய்ச் சொன்னார்.

“அப்போ மெய்யெழுத்துலேந்து ஆரம்பிய்யா” என்றார் செட்டியார்.

இப்படிப்பட்டவர் ஒரு நாள் உண்மையான குறை ஒன்றைச் சொன்னால் அதை யார் காதில் வாங்குவார்கள்?

அந்தக் கிடங்குக்கு முன்பெல்லாம் வடக்குப் பக்கம் மட்டும்தான் திறப்பு. மண் சுவர். ஒரு தட்டி, ஒரு கயிறு, ஒரு ஆள். ஒரு நாள் செட்டியார் கோட்டைக்குப் போனவர், அங்கே புதிதாகக் கட்டிய கூடத்தைப் பார்த்துவிட்டு வந்தார். நாலு பக்கமும் ஜன்னலாம். சுவரெல்லாம் வெள்ளையாம். உள்ளே நின்றால் வெளியே நிற்பது மாதிரி இருக்கிறதாம்.

“நம்ம கெடங்கு நண்டு வளை மாதிரி கீது” என்றார். “வெளிச்சம் எவ்ளோ வருதோ அவ்ளோ நல்லது. ஒடைங்கடா செவுத்த.”

ஏரியில் கிளிஞ்சலுக்குக் குறைவில்லை. சுட்டு, நீற்றி, சுவருக்கும் கூரையின் உட்பக்கத்துக்கும் வெள்ளை அடித்தார்கள். மற்ற மூன்று பக்கமும் சுவரை இடித்துத் திறப்பு வைத்தார்கள். எனக்குக் கயிறு நாலாயிற்று. ஆள் நான் ஒருவன்தான்.

முதல் நாள் நாலு தட்டியையும் ஏற்றினேன். கூரை தாழ இறங்கியிருந்ததால் வெயில் நேராக உள்ளே வராது. ஏரியில் பட்டுத் தெறித்த வெளிச்சம்தான் நாலு பக்கமும் வந்தது. அது வெள்ளைச் சுவரில் பட்டு, வெள்ளைக் கூரையில் பட்டு, கிடங்கு முழுவதும் பால் ஊற்றி வைத்தது மாதிரி ஆயிற்று. குனிந்து பார்த்தேன். என் காலடியில் நிழலே இல்லை. அப்போது அதை ஒரு விசேஷமாகத்தான் நினைத்தேன்.

“ஜோரா கீது!” என்றார் செட்டியார்.

வேலாயுதம் கையை நீட்டிப் பார்த்துக்கொண்டார். “பொறங்கை மயிரு இன்னாத்துக்கு? எறும்போட மயிரே தெரியுது தம்பி” என்றார் என்னிடம்.

சந்தோஷத்தில் செட்டியார் இரண்டு உத்தரவு போட்டார். வேலை நடக்கும்போது எந்தத் தட்டியும் இறங்கக் கூடாது என்பது எனக்கு. இவ்வளவு வெளிச்சம் வந்த பிறகு துணியைக் கையால் தடவிப் பார்க்கக் கூடாது என்பது வேலாயுதத்துக்கு. “உன் கை பட்டு வெள்ளத் துணி மஞ்சளாப் பூடுது. கண்ணால பாரு, கோலால பொரட்டு.”

அவரும் அப்படியே செய்தார். வேலை முன்னைவிட வேகமாக நடந்தது. கழிவு குறைந்துபோயிற்று. நெசவுக்காரர்கள் திருந்திவிட்டார்கள் என்று பேசிக்கொண்டோம்.

மறுநாளே வாத்தியார் செட்டியாரிடம் வந்து நின்றார். “எழுத்து போயிடுச்சு” என்றார்.

“எழுத்து எங்கய்யா பூடும்?”

“மணல்ல இருந்து போயிடுச்சு. நான் எழுதறேன், தெரியல. பசங்க எழுதறாங்க, தெரியல. விரலால தடவித்தான் அது ‘அ’வா ‘ஆ’வான்னு பாக்க வேண்டியிருக்கு. முன்ன மாதிரி மூணு பக்கத்தை அடைச்சுடுங்க.”

“காத்து வந்தா பேஜாரு, வரலன்னா பேஜாரு. இப்போ வெளிச்சம் வந்தா அதுவும் பேஜாரா? இருட்டுல படிச்ச கண்ணு, கொஞ்சம் கூசும். போவப் போவ சரியாப் பூடும்” என்று செட்டியார் அனுப்பிவிட்டார். வாத்தியார் போகும் வழியில் என்னை ஒரு முறை முறைத்துவிட்டுப் போனார். எனக்கு உத்தரவு இல்லை. நான் கயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கொஞ்ச நாளில் கோட்டையிலிருந்து மூட்டைகள் திரும்பி வந்தன. துணி மட்டம், முதல் தரம் என்று எப்படி அனுப்பினீர்கள் என்று கேட்டிருந்தார்கள். செட்டியார் ஒரு மூட்டையைப் பிரித்துப் பலகையில் விரிக்கச் சொன்னார். எல்லாரும் சுற்றி நின்று பார்த்தோம். பழுதில்லாத துணி. கோலால் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். அடுத்த மூட்டையும் அப்படித்தான்.

“இதுல இன்னா கொற கீது? தொரைக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?” என்று கத்திவிட்டு, அதே துணியை எடுத்துக்கொண்டு, வேலாயுதத்தையும் கூட்டிக்கொண்டு கோட்டைக்குப் போனார்.

போன வேகம் திரும்பி வரும்போது இல்லை. வேலாயுதம்தான் என்னிடம் வந்து சொன்னார். “தொர துணி பாக்குறது அந்தப் புதுக் கூடத்துல இல்ல. இருட்டு அறை தம்பி. ஒரே ஜன்னலு. அந்த இருட்டுலயே தெரியுது. திப்பி திப்பியா நூலு. ஒரு எடத்துல தடிப்பு, ஒரு எடத்துல இளப்பு. மெய்யாலுமே கழிவுத் துணி. இங்க அந்தத் திப்பி ஒண்ணுகூட இல்ல. நீயும் பாத்த இல்ல?”

“பாத்தேன் அண்ணாத்தே. நல்லாத்தான் இருந்துச்சு.”

இருட்டில் தெரிகிற குறை வெளிச்சத்தில் தெரியாமல் போகும் என்று யாருக்கு நினைக்கத் தோன்றும்? அதனால் ஊரில் எல்லாரும் மற்ற வழிகளில் நினைக்க ஆரம்பித்தார்கள். துணி இந்தக் கரையில் நன்றாக இருக்கிறது, அந்தக் கரையில் கெட்டிருக்கிறது. ஆகவே தண்ணீரில் ஏதோ நடக்கிறது.

முதலில் உப்புக்காற்று என்றார்கள். நூல் ஈரம் குடித்து ஊதிவிடுகிறதாம். மூட்டைக்கு இரண்டு சுற்றுப் பாய் சுற்றி அனுப்பினார்கள். கெட்டுப்போயிற்று. படகு தெற்கே சுற்றிப் போவதால் நேரமாகிறது என்றார்கள். நேர்வழியில் போனார்கள். கெட்டுப்போயிற்று. ஏரி நடுவில் வேண்டாத இடம் ஒன்று இருக்கிறது, அதன்மேல் படகு போகிறது என்று ஒருவர் சொன்னார். அங்கே ஒரு தேங்காய் உடைத்தார்கள். அதற்கும் கெட்டுப்போயிற்று.

பிறகு மூட்டை வாயில் அரக்கு வைத்து முத்திரை போட்டார் செட்டியார். முத்திரை அப்படியே இருந்தது. உள்ளே துணி கெட்டிருந்தது. கடைசியில் வேலாயுதத்தையே மூட்டைமேல் உட்காரவைத்து அனுப்பினார்.

“குந்துனவரு எழுந்துக்கவே இல்ல” என்றார் அண்ணன். “ஒண்ணுக்குக்கூட எழுந்துக்கல. நானே பாவப்பட்டு, போய்ட்டு வாங்க, நான் பாத்துக்கறேன்னேன். உன்ன நம்பி எழுந்துக்கவான்னு கேட்டாரு.”

அந்த மூட்டையும் கெட்டுப்போய்த்தான் இறங்கியது.

செட்டியார் கணக்குப் போடுவதில் கெட்டிக்காரர். விரல் விட்டுச் சொன்னார். “இங்க நல்லா கீது. அங்க கெட்டு கீது. நடுவுல இன்னா கீது? ஏரி. ஏரில எவன் கீறான்? ஏழுமல. முத்திரைய ஒடைக்காம, ஆளு குந்தியிருக்கும்போதே துணிய மாத்துறான்னா, அவன் எவ்ளோ பெரிய கில்லாடியா இருக்கணும்!”

எப்படி மாற்றினான் என்று தெரியாததே என் அண்ணனுக்கு எதிரான பெரிய சாட்சியாகிவிட்டது.

பாடு என்றால் என்ன என்று வெளியூரிலிருந்து வந்தவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஏரியில் இறால் வரும் இடங்களில் இன்னார் இன்ன நாள் வலை கட்டலாம் என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்வோம். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். பாடு இருக்கிறவன் ஏரிக்காரன். இல்லாதவன் கரையில் நின்று மற்றவர் வலையைப் பார்க்க வேண்டியதுதான். திருடன் என்று பேர் எடுத்தவனுடைய சீட்டைக் குடத்தில் போட மாட்டார்கள். அந்த வருஷத்துப் பாட்டுக்கு ஊர் கூட வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. செட்டியார் ஊர்ப்பெரியவர்களுக்குச் சொல்லி அனுப்பிவிட்டார். தாங்கள் அண்ணனை நம்புவதாகவும், ஆனால் துணி எப்படிக் கெடுகிறது என்று அவன் சொல்லிவிட்டால் தேவலை என்றும் பெரியவர்கள் சொன்னார்கள்.

அன்றைக்கு வீட்டில் சாப்பிட உட்கார்ந்தோம். அண்ணி குழம்பை ஊற்றிக்கொண்டே பேசினாள்.

“அந்தாண்ட போனா கெட்டுப் பூடுதாம். மீனு கெட்டுச்சுன்னா ஒத்துக்கலாம். துணி கெடுமா? அப்பிடியே இந்த மனுசன் மாத்துனாருன்னே வெச்சிக்க. மாத்துன நல்ல துணி எங்க? என் ஒடம்புல கீறத பாரு. ஓட்டையில தல வுடலாம்.”

அண்ணன் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார். “நீ உள்ளதான்டா கீற. துணி மூட்டைல ஏறும்போது நீ இன்னா பாத்த?”

“நல்லாத்தான் இருந்துச்சு அண்ணே.”

“நீயும் அதயே சொன்னா நான் இன்னாடா பண்றது?” என்றார். பொய் சொல்லும்படி கேட்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

ஊர் கூடுவதற்கு முன்தினம் துரையே நேரில் பார்க்க வருகிறார் என்று தகவல் வந்தது. துரை பிசகில்லாத ஆள். கோட்டையில் தன் அறையில் தானே பார்த்துக் கழித்த ஒரு மூட்டையைத் தன் கண் முன்னால் கட்டவைத்து, அதைத் தன் முழங்காலுக்குக் கீழே வைத்துக்கொண்டு, துபாஷியோடு என் அண்ணன் படகிலேயே ஏறி வந்தார். வழியில் துரை மூட்டையைப் பார்த்தபடி இருந்தாராம். துபாஷி அண்ணனைப் பார்த்தபடி இருந்தாராம். அண்ணன் தண்ணீரைப் பார்த்தபடி கோல் ஊன்றினாராம்.

சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார்கள். பள்ளிக்கூடம் விடவில்லை. பிள்ளைகள் மணலும் கையுமாக ஒரு பக்கம் ஒதுங்கினார்கள். நாலு தட்டியும் ஏறியிருந்தன. மூட்டையைப் பலகையில் வைத்துப் பிரித்தார்கள். துரை துணியை விரித்தார்.

துணி நன்றாக இருந்தது.

துரை குனிந்தார். நிமிர்ந்தார். துணியைத் திருப்பிப் போட்டார். பிறகு மூட்டை கட்டியிருந்த பாயைத் தூக்கி அடியில் பார்த்தார். அவருடைய மொழியில் மெதுவாக ஏதோ சொன்னார்.

“துரை இன்னா சொல்றாரு?” என்று செட்டியார் கேட்டார்.

துபாஷி கொஞ்சம் தயங்கினார். “ஒண்ணும் சொல்லல. சாமி பேரச் சொன்னாரு.”

செட்டியாருக்கு முகம் மலர்ந்துவிட்டது. “பாத்தீங்களா? வர்ற வழியில திருப்பி நல்லதா மாத்திட்டான்! தொர காலடியிலயே வெச்சிகினு வந்தும் மாத்திட்டான்!” என்று வாசலைக் காட்டினார். வாசலில் அண்ணன் கையில் கோலோடு நின்றிருந்தார். அவர் முகத்தில் கோபம்கூட இல்லை. தான் எப்படிச் செய்தோம் என்று அவரே யோசிக்க ஆரம்பித்துவிட்டதுபோல இருந்தது.

அப்போதுதான் வாத்தியார் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். துணி விவகாரம் எதுவும் அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள விரும்பியதும் இல்லை. நியாயம் கேட்பதற்குப் பெரிய இடத்து ஆள் ஒருவர் வந்திருக்கிறார் என்பது மட்டும் அவருக்குத் தெரிந்தது.

“துபாஷி ஐயா, துரைகிட்ட சொல்லுங்க. இந்த இடத்துல பிள்ளைங்களுக்கு எழுத்து தெரியல. மாசக்கணக்கா சொல்றேன், யாரும் கேக்கல. நீங்களே பாருங்க” என்று பலகைக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து, மணலைப் பரப்பி, பெரிதாக ஒரு ‘அ’ எழுதினார். “எங்க, இது இன்னான்னு சொல்லச் சொல்லுங்க.”

“தொரைக்குத் தமிழ் தெரியாதுய்யா” என்றார் வேலாயுதம்.

“தமிழ் தெரிஞ்சவங்க சொல்லட்டும்.”

எல்லாரும் பார்த்தோம். வெறும் மணல்தான் தெரிந்தது. வாத்தியார் தான் எழுதியதைத் தானே விரலால் தேடித் தடவிக் காட்டினார். அந்த நேரத்தில் நான் துரையைப் பார்த்தேன். அவரும் கண்ணை நம்பாமல், துணியின் மேல் ஆள்காட்டி விரலை வைத்து மெதுவாக நகர்த்திக்கொண்டிருந்தார். ஓரிடத்தில் விரல் நின்றது. புருவத்தைச் சுருக்கி அந்த இடத்தைக் கண்ணால் பார்த்தார். ஒன்றுமில்லை என்றது கண். விரல் அங்கிருந்து வர மறுத்தது.

கீழே ஒரு விரல், மேலே ஒரு விரல். இரண்டும் ஒரே மாதிரி தேடின.

“யோவ் தட்டி! மூணு பக்கத்த எறக்குய்யா!” என்று வாத்தியார் என்னைப் பார்த்துக் கத்தினார். செட்டியார் அவருக்குப் பின்னாலிருந்து கண்ணை உருட்டி, வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அது எப்படிப்பட்ட சமாசாரம் என்று உங்களுக்குத் தெரியும். வாய் திறந்திருந்தால் மழை வரும்போல இருக்கிறது என்றுதான் சொல்லியிருப்பேன். நல்லவேளையாக நம் வேலைக்கு வாய் தேவையில்லை. கிழக்குக் கயிற்றை விட்டேன். தெற்கை விட்டேன். மேற்கை விட்டேன்.

மூன்று தட்டியும் அடுத்தடுத்து இறங்கின. வடக்கிலிருந்து மட்டும் தாழ்ந்து, சாய்ந்து வந்தது வெளிச்சம். மணலில் ‘அ’ எழுந்து நின்றது. அதன் ஒவ்வொரு கரையிலும் ஒரு மெல்லிய நிழல் விழுந்திருந்தது. பலகைமேல் துணி முழுவதும், அம்மை போட்ட முகம் மாதிரி திப்பிகள் எழுந்து நின்றன. துரையின் விரல் அவற்றில் ஒன்றின்மேல்தான் இருந்தது.

எல்லாரும் பலகைமேல் குனிந்தார்கள். வாத்தியார் மட்டும், “ஆ, இப்போ தெரியுதா!” என்றார்.

துரை என்னைப் பார்த்து விரலை மேலே காட்டினார். மூன்றையும் ஏற்றினேன். திப்பி மறைந்தது. கீழே காட்டினார். இறக்கினேன். திப்பி வந்தது. மறுபடி மேலே. மறுபடி கீழே. சின்னப் பிள்ளை கையில் கிலுகிலுப்பை கிடைத்த மாதிரி நிறுத்தவே இல்லை. என் வலது தோள் இன்றைக்கும் தூக்க முடியாமல் இருப்பது அன்றைய இழுப்பால்தான் என்று நினைக்கிறேன். வைத்தியர் வயது என்கிறார்.

கடைசியில் துரை துபாஷியிடம் இரண்டு வார்த்தை சொன்னார். துபாஷி வாசலைப் பார்த்தார். “படகுக்காரன் யாரு? துரை திரும்பணும்னு சொல்றாரு.”

“இன்னாடா நின்னுகினு கீற? தொரைய கூட்டினு போ. அலுங்காம வுடு” என்றார் செட்டியார்.

என் அண்ணன் திருடன் இல்லை என்பதற்கு அவருக்குக் கிடைத்த தீர்ப்பு இதுதான். மறுநாள் ஊர் கூடியபோது அவர் சீட்டும் குடத்தில் விழுந்தது. இறால் நிறைய வரும் பாடு ஒன்றும் வரவில்லை. சுமாரான பாடுதான். அவர் அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டு வந்து அண்ணியிடம் கொடுத்துவிட்டு, நாள் முழுவதும் தூங்கினார்.

வாத்தியார் கடைசிவரைக்கும், ஒல்லாந்தத் துரை தன் பள்ளிக்கூடத்துக்காகவே ஏரி தாண்டி வந்து தட்டியை இறக்கவைத்தார் என்று சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் மறுக்கவில்லை. அடுத்த நாளே வடக்கிலிருந்து வாடை வருகிறது, பிள்ளைகளுக்குச் சளி பிடிக்கிறது என்று செட்டியாரிடம் போனார்.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது இது. வெளிச்சம் போதுமா என்று உள்ளே இருப்பவர்களைக் கேட்காதீர்கள். எல்லாரும் போதும் என்றோ, இன்னும் வேண்டும் என்றோதான் சொல்வார்கள். அவர்கள் விரலைப் பாருங்கள். கண்ணால் பார்க்க வேண்டியதை விரல் தேட ஆரம்பித்தால் வெளிச்சம் தப்பாக வருகிறது. குறைவாக இருக்கலாம், அதிகமாகவும் இருக்கலாம். மேடு பள்ளம் பார்க்கிற வேலைக்கு ஒரு பக்க வெளிச்சம் வேண்டும். நிழல் விழாத இடத்தில் எதையும் தரம் பார்க்க முடியாது.

இதோடு முடித்திருப்பேன். ஆனால் செட்டியார் கணக்கில் கெட்டிக்காரர் என்று முன்பே சொன்னேன்.

கொஞ்ச நாள் கழித்து என்னைத் தனியாகக் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்தினார். “தட்டி, இனிமே நாம நெசவுக்காரன்கிட்ட வாங்கும்போது மூணு பக்கம் எறக்கு. கோட்டைக்குப் போறதுக்கும் அப்பிடியே. ஆனா நாளான்னைக்கு ஒரு அரபி வியாபாரி வராரு. அவரு இங்கயே பாத்து வாங்கினு போவாரு. அவரு வரும்போது நாலும் ஏத்திடு. புரியுதா?”

நான் தலையை ஆட்டினேன். புரிந்ததற்கும் அதே ஆட்டு, செய்கிறேன் என்பதற்கும் அதே ஆட்டு. அவர் எதை எடுத்துக்கொண்டார் என்று எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொன்னேன்.

“அரபி வாங்குற துணி கப்பலுக்கு எந்தப் படகுல போவும்?”

“உன் படகுலதான் அண்ணே.”

“கப்பல்ல பிரிச்சுப் பாத்தா?”

“கெட்டுப் போயிருக்கும்.”

மறுநாள் விடிந்ததும் அண்ணன் கிடங்குக்கு வந்தார். இடுப்பில் ஒரு துண்டு வலைக்கயிறு வைத்திருந்தார். கிழக்கு, தெற்கு, மேற்குத் தட்டிகள் இறங்கியிருந்தன. அவற்றின் கயிறுகளைத் தூணோடு சேர்த்து, வலைக்கழி கட்டுகிற முடிச்சைப் போட்டார். ஏரித் தண்ணீரை அள்ளி அதன்மேல் தெளித்தார். அந்த முடிச்சு ஈரத்தில் சும்மா இருக்கும். காயக் காய இறுகும். அப்புறம் அவிழ்க்க முடியாது, அறுக்கத்தான் முடியும். தட்டிக் கயிற்றை அறுத்தால் தட்டி ஏறாது.

அரபி வியாபாரி வந்தபோது செட்டியார் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். நான் இழுத்தேன். இன்னும் இழுத்தேன். அவரே வந்து இழுத்தார்.

“இன்னாடா இது?”

“கயிறு சிக்கிக்கிச்சு அய்யா.”

வியாபாரி வடக்கு வெளிச்சத்திலேயே பார்த்தார். எடுக்க வேண்டியதை எடுத்தார், விட வேண்டியதை விட்டார். அவர் போன பிறகு செட்டியார் புதுக் கயிறு மாற்றச் சொன்னார். மாற்றினேன். அதுவும் சிக்கிக்கொண்டது. ஏரிக்காற்றுக்குக் கயிறு அப்படித்தான் ஆகும்போல என்று அவரே பிறகு எல்லாரிடமும் சொல்ல ஆரம்பித்தார்.

உங்களுக்கும் என்றைக்காவது நாலு தட்டியையும் ஏற்றச் சொல்லி உத்தரவு வரும். தலையை ஆட்டுங்கள். எதிர்த்துப் பேச வேண்டாம். கயிறு எப்படிச் சிக்கும் என்று தெரியாதவர்கள் என் அண்ணனைப் போய்ப் பாருங்கள். பாடு இல்லாத நாளில் தோணிரேவில் இருப்பார்.